பிடிக்கும் என்கிறார்கள், ஆனால் பேசுவதில்லை: இளைஞர்களும் வட்டார வழக்கும்

கேள்வி இது: "என் மகளுக்கு 14 வயது. வீட்டில் எங்கள் வட்டார வழக்கில் பேசுகிறாள், வெளியே போனதும் பொது வழக்குக்கு மாறிவிடுகிறாள். கேட்டால், நம் பேச்சுதான் எனக்குப் பிடிக்கும் என்கிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான். பிடிக்கும் என்று சொல்லிவிட்டு ஏன் பேசுவதில்லை? மொழியைத் தரப்படுத்துவதால்தான் வட்டார வழக்குகள் அழிகின்றனவா? அவளைத் திருத்த வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. பிடித்திருப்பதும் உண்மை, வெளியே பேசாததும் உண்மை. இரண்டும் ஒரே மனதுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. ஒரு வழக்கு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருமா என்பதை அதன் மேல் இருக்கும் பாசம் முடிவு செய்வதில்லை. அதைக் கூசாமல் பேச எத்தனை இடங்கள் மிச்சம் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. தரப்படுத்தல் பெரும்பாலும் எழுத்தோடு நின்றுகொண்ட நாடுகளில் வட்டார வழக்குகள் தெம்பாக இருக்கின்றன. அது பேச்சுக்குள்ளும் வந்து உட்கார்ந்த நாடுகளில் இரண்டு மூன்று தலைமுறைகளில் கரைந்திருக்கின்றன. இதை எதை வைத்துச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். கொஞ்சம் நீளும்.

நீங்கள் கவனித்த முரண்பாட்டை மிகத் தெளிவாகப் பிடித்துக் காட்டியவர் டென்மார்க்கின் மொழியியலாளர் தோர கிறிஸ்டியான்சென். அவரும் கூட்டாளிகளும் தலைநகர் கோபன்ஹேகனிலும் நேஸ்ட்வெட் போன்ற வெளியூர்களிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இரண்டு சோதனைகள் நடத்தினார்கள். முதல் சோதனையில், இது எதைப் பற்றிய ஆய்வு என்றே மாணவர்களுக்குச் சொல்லவில்லை. சில இளைஞர்களின் குரல்பதிவுகளைப் போட்டு, பேசுபவர் புத்திசாலியா, நம்பலாமா, சுவாரசியமான ஆளா, தன்னம்பிக்கை உள்ளவரா என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். குரல்களில் சில, தலைநகரத்தின் பழைய மரியாதையான உச்சரிப்பில் இருந்தன. சில, அதே தலைநகரத்தின் புதிய இளவட்ட உச்சரிப்பு. மீதி, அந்தந்த ஊரின் உள்ளூர்ச் சாயல் கொண்டவை. இது முடிந்த பிறகு இரண்டாவது சோதனை. டேனிஷ் வழக்குகளின் பெயர்களை மட்டும் தாளில் கொடுத்து, பிடித்த வரிசையில் எழுதச் சொன்னார்கள்.

பெயரைப் பார்த்து எழுதியபோது பிள்ளைகள் தங்கள் ஊர் வழக்கை உச்சியிலோ உச்சிக்கு அருகிலோ வைத்தார்கள். குரலைக் கேட்டு மதிப்பெண் போட்டபோது அதே பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சாயலைக் கடைசியில் தள்ளினார்கள். புத்திசாலித்தனம் போன்ற குணங்களில் பழைய தலைநகர உச்சரிப்பு முந்தியது. சுவாரசியம், துடிப்பு போன்றவற்றில் புதிய தலைநகர உச்சரிப்பு முந்தியது. உள்ளூர்க் குரலுக்கு இரண்டிலும் இடமில்லை. ஓர் ஊரில் மட்டும் இப்படி வந்திருந்தால் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஊர் ஊராக இதே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது.

இந்த இரண்டு மதிப்பீடுகளில் எது நிஜம் என்று கேட்கத் தோன்றும். இரண்டும் நிஜம் என்பதுதான் என் எண்ணம். பெயரைப் பார்த்து எழுதியது, யாராவது கேட்டால் நாம் யோசித்துச் சொல்லும் பதில். அதில் ஊர்ப்பாசம், நன்றி, பாட்டியின் நினைவு எல்லாம் இருக்கும். குரலைக் கேட்டுப் போட்ட மதிப்பெண், யோசிக்காமல் இருக்கும்போது காது போடும் கணக்கு. கிறிஸ்டியான்சென் சொல்வது என்னவென்றால், மொழி எந்தத் திசையில் மாறுகிறது என்பது காது போடும் இந்தக் கணக்கோடுதான் ஒத்துப்போகிறது. டென்மார்க்கில் வட்டார வழக்குகள் கடந்த நூற்றாண்டில் மிக வேகமாகக் கரைந்ததை இதை வைத்துத்தான் அவர் புரிந்துகொள்கிறார். ஆகவே "இளைஞர்களில் இத்தனை விழுக்காட்டினர் வட்டார வழக்கை விரும்புகிறார்கள்" என்ற கருத்துக்கணிப்பை எங்கே பார்த்தாலும் அதை வைத்து மட்டும் நிம்மதி அடைய வேண்டாம் என்பேன். பெயரை விரும்புவது ஒன்று, குரலை மதிப்பது இன்னொன்று.

ஆள் அறியாமல் மனப்பான்மையை அளக்கும் இந்த முறை 1960-ல் மாண்ட்ரியலில் தொடங்கியது. வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும், இரு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒரே ஆளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே பகுதியை வாசிக்கச் செய்து, அவை வெவ்வேறு ஆட்களின் குரல்கள் என்று நினைக்கும்படி கலந்து மாணவர்களுக்குப் போட்டார்கள். ஆங்கிலம் பேசும் மாணவர்கள் ஆங்கிலக் குரலுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள், அதில் வியப்பில்லை. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களும் பல குணங்களில் ஆங்கிலக் குரலையே உயர்த்தினார்கள். தன்னைத் தாழ்த்துபவரின் அளவுகோலைத் தானே கையில் வாங்கிக்கொள்வது என்பது எப்படி நடக்கிறது என்று அன்றைக்கே வெட்டவெளிச்சமாகிவிட்டது.

சரி, இந்தக் கணக்கு காதுக்குள் எப்போது நுழைகிறது? இதற்கும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. கேத்ரின் கின்ஸ்லரும் ஜாஸ்மின் டிஹேசுஸும் 2013-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் வடக்கே இல்லினாய்ஸ், தெற்கே டென்னசி, இரண்டு மாநிலக் குழந்தைகளுக்கும் வடக்கு உச்சரிப்பையும் தெற்கு உச்சரிப்பையும் கேட்கச் செய்தார்கள். 5, 6 வயதுக் குழந்தைகளிடம் பெரியவர்களுடைய அந்த மதிப்பீடு இன்னும் உருவாகவில்லை. 9, 10 வயதுக் குழந்தைகளோ, வடக்கே பேசுபவர் புத்திசாலி, தெற்கே பேசுபவர் நல்லவர் என்று பிரித்துச் சொன்னார்கள். தெற்கத்திக் குழந்தைகளும் அதையே சொன்னார்கள். நான்கே ஆண்டுகள். ஒரு குழந்தை கூட்டல் கழித்தல் கற்றுக்கொள்ளும் அதே காலத்தில், தன் அம்மா பேசும் பேச்சு "நல்லது, ஆனால் அறிவில் கொஞ்சம் குறைவு" என்பதையும் கற்றுக்கொண்டுவிடுகிறது. எனக்கு இந்த ஆய்வின் முடிவைப் படித்தபோது மனம் கனத்தது.

இதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. பெரியவர்களின் சொற்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் "கொச்சை" என்று சொல்லும்போதே தீர்ப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. செந்தமிழ், கொடுந்தமிழ் என்று பழைய இலக்கண மரபு பிரித்தபோது ஒன்று நேரானது, மற்றது வளைந்தது என்ற படம் அந்தப் பெயர்களிலேயே இருந்தது. பிரெஞ்சில் "பத்துவா" என்ற சொல்லும் ஜப்பானியத்தில் "நமாரி" என்ற சொல்லும் இதே வேலையைச் செய்கின்றன. மொழியியல் பக்கமிருந்து பார்த்தால் வளைந்த மொழி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வட்டார வழக்குக்கும் தனக்கென்று ஒழுங்கான ஒலிவிதிகளும் வினைமுற்றுகளும் உண்டு. பொது வழக்கு என்பது அவற்றில் ஒன்றுதான். தலைநகரமோ அரசவையோ அச்சகமோ பக்கத்தில் இருந்ததால் மேலே வந்தது.

தரப்படுத்தல் பற்றிப் பேசும்போது அதன் பழைய முறைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1794-ல் அபே கிரெகுவார் என்ற பாதிரியார் பிரெஞ்சு மன்றத்தில் ஓர் அறிக்கை வைத்தார். குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது, இன்னும் 60 லட்சம் பேரால் அதில் ஓர் உரையாடலைத் தொடர முடியாது, சுத்தமாகப் பேசுபவர்கள் 30 லட்சத்தைத் தாண்ட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மற்ற பேச்சுகளை ஒழிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பின்னர் பிரான்சின் பிரித்தானிப் பகுதிப் பள்ளிகளில், அந்தப் பகுதியின் சொந்த மொழியான பிரெத்தோன் பேசிய குழந்தையின் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிடுவார்கள். அடுத்ததாக யார் பிரெத்தோன் பேசுகிறார்களோ அவர்களைப் பிடித்து அதை ஒப்படைக்க வேண்டும். நாள் முடிவில் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. வேல்ஸில் மரத்துண்டு, ஜப்பானின் ஓகினாவாவில் கழுத்தில் தொங்கும் பலகை என்று இதே முறை வேறு வேறு ஊர்களில் இருந்தது. அடியைவிட மோசமானது, ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைக் காட்டிக்கொடுக்க வைத்ததுதான். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோர் ஆனபோது, தங்களுக்கு வந்த கஷ்டம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வீட்டிலும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். ஜப்பான் அரசு "வட்டார வழக்கு" என்று அழைத்த, ஓகினாவாவும் அடங்கிய ரியூக்யூத் தீவுகளின் பேச்சுகளை 2009-ல் யுனெஸ்கோ அழியும் நிலையில் உள்ள தனி மொழிகள் என்றே வரைபடத்தில் குறித்தது.

இன்று எந்த ஆசிரியரும் கழுத்தில் பலகை மாட்டுவதில்லை. அதன் இடத்தை ஒரு சிரிப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. வகுப்பில் ஒரு சொல்லுக்கு நான்கு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தால் போதும், அந்தச் சொல் அந்தக் குழந்தையின் வாயிலிருந்து பொதுவெளியில் மறுபடி வராது.

ஆனால் இளைஞர்கள் எல்லோரும் பொது வழக்கை நோக்கியே நகர்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. 1963-ல் வில்லியம் லபோவ் வெளியிட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற சிறு தீவு. அப்போது நிரந்தரமாக இருந்தவர்கள் 6,000 பேருக்கும் குறைவு. கோடையில் 40,000-க்கும் மேற்பட்ட விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். மீன்பிடித் தொழில் நலிந்து, நிலம் கைமாறிக்கொண்டிருந்த காலம். அந்தத் தீவில் ஐ, ஔ போன்ற ஈருயிர் ஒலிகளை நாக்கைச் சற்று உயர்த்தி வாயின் நடுப்பகுதியில் உச்சரிக்கும் ஒரு பழைய பழக்கம் இருந்தது. அது தேய்ந்துகொண்டிருந்திருக்க வேண்டிய ஒன்று. லபோவ் அளந்து பார்த்தபோது அது கூடிக்கொண்டிருந்தது. குறிப்பாக 30 முதல் 45 வயது வரை உள்ளவர்களிடமும், மீனவர்களிடமும்.

வயதை வைத்தோ படிப்பை வைத்தோ மட்டும் இதை விளக்க முடியவில்லை. கடைசியில் பொருந்தியது ஒன்றுதான்: அந்த ஆள் தீவிலேயே வாழ விரும்புகிறாரா, வெளியேற நினைக்கிறாரா என்பது. பள்ளி மாணவர்களிடமும் அப்படியே இருந்தது. இங்கேயே இருக்கப்போகிறேன் என்ற பையனிடம் தீவின் உச்சரிப்பு பலமாக இருந்தது, கிளம்பிவிடுவேன் என்ற பையனிடம் மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் இதைத் தெரிந்து செய்யவில்லை. தன் வாழ்க்கை எங்கே இருக்கப் போகிறது என்று ஓர் இளைஞர் நினைக்கிறாரோ அங்கே அவருடைய உயிரெழுத்துகள் முன்கூட்டியே போய்விடுகின்றன. உங்கள் மகளின் விஷயத்திலும் இதை யோசித்துப் பாருங்கள். அவள் தன் எதிர்காலத்தை எந்த ஊரில், எந்த அறைக்குள் கற்பனை செய்கிறாள்? அங்கே எந்தப் பேச்சு நடப்பதாக அவளுக்குத் தோன்றுகிறதோ அதைத்தான் இப்போதே பழகிக்கொள்கிறாள்.

இதோடு சேர்த்து, பீட்டர் ட்ரட்கில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் கண்டதையும் ஒரு வரி சொல்ல வேண்டும். பெண்கள் பலர் தாங்கள் உண்மையில் பேசுவதைவிடப் பொது வழக்குக்கு நெருக்கமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். ஆண்கள் பலர் தாங்கள் பேசுவதைவிட உள்ளூர்த்தனமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். உள்ளூர்ப் பேச்சுக்கு வெளியே சொல்லப்படாத ஒரு கௌரவம் உண்டு, அது கூட்டாளிகளுக்கு நடுவே வேலை செய்கிறது. அந்தக் கௌரவம் பெண்பிள்ளைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஒரு பையன் ஊர்ப் பேச்சு பேசினால் "துணிச்சல்", ஒரு பெண் பேசினால் "நாகரிகம் போதாது" என்று எடுத்துக்கொள்ளும் சமூகங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் மகள் சீக்கிரம் மாறிக்கொள்கிறாள் என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது தரப்படுத்தல் என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான் தரப்படுத்தலுக்கு எதிரி இல்லை. சட்டம், மருந்துச்சீட்டு, பாடநூல், கலைக்களஞ்சியம் எல்லாவற்றுக்கும் ஊர்கள் கடந்து புரியும் எழுத்து வழக்கு ஒன்று வேண்டும். 1966-ல் ஐனார் ஹாகென் தரப்படுத்தலை நான்கு வேலைகளாகப் பிரித்தார். ஒரு வழக்கைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு இலக்கணமும் அகராதியும் எழுதுவது, அறிவியல் முதல் நிர்வாகம் வரை எல்லாவற்றையும் அதில் சொல்ல முடியும்படி வளர்ப்பது, மக்கள் அதை ஏற்றுக்கொள்வது. இந்த நான்கில் எதிலும் "மற்ற வழக்குகளைப் பேசக் கூடாது" என்ற ஐந்தாவது வேலை இல்லை. அது தரப்படுத்தலின் பாகம் அல்ல, அதன் மேல் ஏற்றிவைத்த சுமை. இந்தச் சுமையை ஏற்றாமலே ஒரு நாடு நடக்க முடியும் என்பதற்கு இரண்டு நல்ல சாட்சிகள் இருக்கின்றன.

முதல் சாட்சி நார்வே. அங்கே எழுத்துக்கே இரண்டு தரங்கள் உண்டு. 1885-ல் நாடாளுமன்றம் இரண்டையும் சமமாக வைத்தது. பேச்சுக்கு அதிகாரபூர்வமான தரம் எதுவும் கிடையாது. அதற்கும் முன்னால், 1878-லேயே, தொடக்கப் பள்ளியில் கூடியவரை குழந்தைகளின் சொந்தப் பேச்சிலேயே கற்பிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. குழந்தையின் உச்சரிப்பைத் திருத்துவது ஆசிரியரின் வேலை இல்லை என்பது அங்கே ஊறிப்போன எண்ணம். நாடாளுமன்ற உறுப்பினர் தன் ஊர்ப் பேச்சிலேயே விவாதிப்பார், பேராசிரியர் தன் ஊர்ப் பேச்சிலேயே பாடம் எடுப்பார். ஓர் இளைஞர் தலைநகருக்குப் படிக்கப் போகும்போது தன் வழக்கை மாற்றிக்கொண்டால் அதைப் பார்த்துத்தான் வீட்டில் சிரிப்பார்கள். எல்லாம் அப்படியே உறைந்து நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். ஓஸ்லோவைச் சுற்றியுள்ள பகுதிகளில் வழக்குகள் ஒன்றுபோல் ஆகிவருகின்றன. ஆனாலும் அங்கே வெட்கம் என்ற ஒன்று இதில் கலக்கவில்லை.

இரண்டாவது சாட்சி சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதி. 1959-ல் சார்லஸ் ஃபெர்குசன் ஒரே சமூகத்தில் எழுத்துக்கு ஒன்றும் பேச்சுக்கு ஒன்றுமாக இரண்டு வழக்குகள் இருக்கும் நிலையை இரட்டை வழக்கு என்று விளக்கியபோது அரபு, கிரேக்கம், ஹைத்தியின் கிரியோல் ஆகியவற்றோடு சேர்த்துக் காட்டிய நான்கு உதாரணங்களில் இதுவும் ஒன்று. தமிழும் இந்த வகையைச் சேர்ந்ததுதான் என்பது நமக்குத் தெரியும். சுவிஸில் செய்தித்தாள் பொது ஜெர்மனில் வரும். மருத்துவர், வழக்கறிஞர், வங்கி மேலாளர், பேருந்து ஓட்டுநர் எல்லோரும் பேசுவது தத்தம் வட்டார வழக்கு. தொலைக்காட்சியில் வானிலை சொல்பவரும் அதில்தான் சொல்கிறார். ஒருவர் வழக்கில் பேசுகிறார் என்பதை வைத்து அவர் எந்த ஊர் என்று சொல்லலாம், எவ்வளவு படித்தவர் என்று சொல்ல முடியாது. எனக்கு இதுதான் திறவுகோலாகத் தெரிகிறது. 2011-ல் சூரிச் மாகாணத்தில் மழலையர் பள்ளியில் வட்டார வழக்கில்தான் பேச வேண்டும் என்று மக்கள் வாக்களித்தே முடிவு செய்தார்கள். இளைஞர்கள் கைபேசியில் ஒருவருக்கொருவர் எழுதுவதும் வழக்கில்தான். எழுத்துக்கூட்டலுக்கு எல்லோரும் பின்பற்றும் விதி இல்லை, ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது.

எதிர்ப்பக்கச் சாட்சி சிங்கப்பூர். 1979-ல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் ஆகிய சீன வழக்குகளை விட்டுவிட்டுப் பொதுச் சீனமான மாண்டரினில் பேசும்படி சீனக் குடும்பங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டன, வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் அவை விலக்கப்பட்டன. அப்போது பெரும்பான்மையான சீன வீடுகளின் பேச்சு அவைதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகப் பேசுவது சீன வழக்குகள் என்று சொன்னவர்கள் நாட்டின் மொத்தத்தில் 8.7 விழுக்காடு. மாண்டரினும் அந்த இடத்தை முழுதாகப் பிடிக்கவில்லை. அது 29.9 விழுக்காட்டில் நிற்க, ஆங்கிலம் 48.3 விழுக்காடாகிவிட்டது. நாற்பது ஆண்டுகளில் பாட்டியும் பேத்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச முடியாத வீடுகள் உருவாயின. இப்போது சில இளைஞர்கள் ஹொக்கியனைத் தேடிப் போய்க் கற்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வீட்டில் தானாக வந்திருக்க வேண்டியதை வகுப்பில் கற்க வேண்டிய நிலை எவ்வளவு பெரிய இழப்பு என்று பாருங்கள்.

இத்தாலி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 1861-ல் நாடு ஒன்றானபோது பொது இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் 2.5 விழுக்காடுதான் என்று மொழியியலாளர் துல்லியோ தே மௌரோ கணக்கிட்டார். 2015-ல் அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனம் கேட்டபோது, வீட்டில் பெரும்பாலும் வட்டார வழக்கு மட்டுமே பேசுபவர்கள் சுமார் 14 விழுக்காடு. ஆனால் இரண்டையும் கலந்து பேசுபவர்கள் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். பொது மொழி எல்லோருக்கும் வந்துவிட்ட பிறகு, வழக்கைப் பேசுவது தெரியாமையின் அடையாளம் என்ற பயம் குறைந்தது. இளைஞர்கள் ராப் பாடலிலும் குறுஞ்செய்தியிலும் நேப்பிள்ஸ் நகர வழக்கான நியாபோலித்தனோவை விரும்பியே எடுத்து வருகிறார்கள்.

இங்கே ஒரு கவலையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் தனாகா யூகாரி என்ற மொழியியலாளர் கவனித்த ஒன்று: தோக்கியோ இளைஞர்கள் தங்களுடையதே அல்லாத வட்டார வழக்குகளிலிருந்து துணுக்குகளை எடுத்து, வேடம் போடுவதுபோல, செய்தி அனுப்பும்போது அணிந்துகொள்கிறார்கள். கேலிக்கு ஒசாகாப் பக்கத்து விகுதி, வீராப்புக்குக் கியூஷூப் பக்கத்து விகுதி. வழக்குக்கு இழிவு போய்விட்டது என்பதற்கு இது அடையாளம், நல்லதுதான். ஆனால் ஒரு வழக்கு நகைச்சுவைக்கும் பாசத்துக்கும் மட்டும் என்று ஒதுங்கிவிட்டால் அதில் நான்கைந்து சொற்களும் ஓர் இழுப்பும்தான் மிஞ்சும். அலங்காரத்துக்கு ஓர் இலக்கணம் முழுதாகத் தேவைப்படாது. காணொளிகளில் வட்டார வழக்குக்கு இப்போது கிடைக்கும் கைத்தட்டலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வருகிறது. சிரிக்க வைக்கும் ஆள் வழக்கில் பேசுகிறார். விளக்கம் சொல்லும் ஆள், மருத்துவ ஆலோசனை தரும் ஆள், கணக்குப் பாடம் எடுக்கும் ஆள் வழக்கில் பேசுகிறாரா?

அப்புறம், இளைஞர்களின் பயம் வெறும் கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் ஜான் பாஹ், தான் ஒருவரே மூன்று வித உச்சரிப்பில் தொலைபேசியில் அழைத்து வாடகை வீடு கேட்டார். வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில், கறுப்பின ஆங்கிலத்திலும் மெக்சிகோ வழி ஆங்கிலத்திலும் கேட்டபோது வீடு பார்க்க வரச்சொன்னது கணிசமாகக் குறைந்தது. ஆள் ஒன்று, கேள்வி ஒன்று, குரல்சாயல் மட்டும் வேறு. பிரிட்டனில் 1970 வாக்கில் ஹோவர்ட் கைல்ஸ் எடுத்த உச்சரிப்பு வரிசையை 2000-களிலும் 2019-லும் வேறு ஆய்வாளர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அரை நூற்றாண்டில் வரிசை பெரிதாக மாறவில்லை. பர்மிங்ஹாம் உச்சரிப்பு இன்னும் அடிமட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே "பயப்படாமல் பேசு" என்று பிள்ளைகளிடம் சொல்வது மட்டும் நியாயம் ஆகாது. வேலைக்கு ஆள் எடுப்பவரிடமும் வீடு வாடகைக்கு விடுபவரிடமும் சொல்ல வேண்டியதைப் பதினாலு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம்.

பொது வழக்கு நன்றாக வர வேண்டுமென்றால் வட்டார வழக்கை விட வேண்டும் என்ற நம்பிக்கைதான் பெற்றோர்களை அதிகம் ஆட்டுவிக்கிறது. இதற்கு ஆதாரம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஸ்வீடனின் பீத்தியோ பகுதியில் தோர ஓஸ்டெர்பெரி செய்த ஒரு சோதனை 1961-ல் வெளியானது. ஒரு குழுக் குழந்தைகளுக்கு முதல் 10 வாரம் அவர்களுடைய வழக்கிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு பொது ஸ்வீடிஷுக்கு மாற்றினார்கள். இன்னொரு குழு முதல் நாளிலிருந்தே பொது ஸ்வீடிஷில் படித்தது. 35 வாரம் முடிந்தபோது, வழக்கில் தொடங்கிய குழந்தைகள்தான் பொது ஸ்வீடிஷ் வாசிப்பிலும் முன்னால் இருந்தார்கள். அமெரிக்காவில் ஹன்னி டெய்லர் கல்லூரி மாணவர்களிடம் செய்து 1989-ல் வெளியிட்டதும் இதே கதை. ஒரு குழுவுக்கு வீட்டு வழக்கையும் எழுத்து வழக்கையும் அருகருகே வைத்து, எங்கே எது மாறுகிறது என்று ஒப்பிட்டுக் காட்டினார். அவர்கள் கட்டுரைகளில் வீட்டு வழக்கின் கூறுகள் 59 விழுக்காடு குறைந்தன. வழக்கம்போல் சிவப்பு மையால் திருத்தப்பட்ட குழுவில் அவை கொஞ்சம் கூடின. எதைப் பேசுகிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் எப்போது மாற வேண்டும் என்றும் தெரிகிறது.

சரி, உங்கள் மகள். இடத்துக்கு ஏற்ப மாறிப் பேசுவது ஒரு குறையே இல்லை, அது திறமை. அவளைத் திருத்த வேண்டாம், இரண்டு பக்கமும். வெளியே பொது வழக்கில் பேசுவதைக் கேலி செய்யாதீர்கள். "பெரிய இவள் ஆகிவிட்டாள்" என்று ஒரு முறை சொன்னால் வீட்டுப் பேச்சே அவளுக்குச் சங்கடமாகிவிடும். வீட்டில் வழக்கில் பேசும்போது "எழுத்தில் இப்படி எழுதிவிடாதே" என்று அடிக்கடி நினைவூட்டவும் வேண்டாம். ஒரு வினைமுற்றைப் பிடித்து, நாம் இப்படிச் சொல்கிறோம், எழுத்தில் இப்படி வரும், இடையில் எந்த ஒலி விழுந்திருக்கிறது என்று சேர்ந்து கண்டுபிடித்தால் அவளுக்கு அது ஒரு புதிர்போலப் பிடித்துப்போகும்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டில் அந்த வழக்கில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, உறவினர் வந்தார்களா என்பதோடு அது நின்றுவிடுகிறதா? அவள் பள்ளியில் மின்காந்தம் படிக்கிறாள், தேர்தல் பற்றிப் படிக்கிறாள், கைபேசியில் ஏதோ ஒரு செயலி எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவற்றை வீட்டில் பெரியவர் ஒருவருக்கு, அவர் வழக்கிலேயே, அவருக்குப் புரியும்வரை விளக்கச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் திணறுவாள், பாதியில் பொது வழக்குக்குத் தாவுவாள். தாவட்டும். அந்தப் பெரியவர் "எனக்கு விளங்கும்படி சொல்லு" என்பார். அப்போது அவள் தன் வழக்கில் இதுவரை யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தைத் தேடத் தொடங்குவாள்.